வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை: மைதானங்கள் வழியே ஒரு நாள்

1889ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி கொழும்பில் ஒரு பேஸ்போல் ஆட்டம் நடந்தது. விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய சிக்காகோக்காரர் அல்பேர்ட் ஸ்போல்டிங், தன் நாட்டு ஆட்டத்தை உலகுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு அணிகளைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தார். அவுஸ்திரேலியாவில் ஆடி முடித்து எகிப்துக்குப் போகும் வழியில் அவர்கள் இங்கே இறங்கினார்கள். ஐந்து இன்னிங்ஸ் ஆடியதும் ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது. அடுத்த மாதம் அதே ஆட்டக்காரர்கள் பிரமிட்டுகளுக்கு முன்னால் பந்தெறிந்தார்கள். 1914 ஜனவரியில் நியூயோர்க் ஜயன்ட்ஸ், சிக்காகோ வைட் சொக்ஸ் என்ற இரண்டு பெரிய அணிகள் மறுபடியும் கொழும்பில் ஆடின. ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப் அந்தக் குழுவோடு வந்திருந்தார். பார்வையாளர்களில் ஒருவர் தேயிலைச் சீமான் தோமஸ் லிப்டன்.

பேஸ்போல் இங்கே ஆழமாக வேர்விடவில்லை. ஹோமாகமப் பக்கம் தியகமவில் ஜப்பானின் துணையோடு ஒரு மைதானம் எழுந்திருக்கிறது. ஆர்வமுள்ள இளைஞர்கள் ஆடுகிறார்கள். ஆனால் அமெரிக்கர்களிடம் நாம் கற்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கோடை விடுமுறை வந்தால் அங்கே குடும்பங்கள் காரில் ஏறி, தங்கள் ஆட்டத்தின் வரலாறு கிடக்கும் இடங்களைத் தேடிப் போகின்றன. கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1939இல் திறந்த பேஸ்போல் அருங்காட்சியகம், லூயிவில் நகரில் 120 அடி உயரத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கும் இரும்பு மட்டை, அயோவாவில் ஒரு திரைப்படத்துக்காகச் சோளக் கொல்லையின் நடுவே வெட்டிய மைதானம் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மைல்கள். அப்பா சொல்லச் சொல்லப் பிள்ளை கேட்டபடி போகிறது.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் காலைத் தேநீரைக் குடித்துவிட்டு ஓர் ஓட்டோவிலோ வானிலோ ஏறினால், பொழுது சாய்வதற்குள் கொட்டாஞ்சேனையில் இறங்கிவிடலாம். வழியில் வருகின்ற மைதானங்களில் இந்த நாட்டுக் கிரிக்கெட்டின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் கிடக்கிறது. அதில் தமிழர்களுடைய பங்கும் இருக்கிறது, பட்ட காயமும் இருக்கிறது. சித்திரை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல பயணம் கொழும்பில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கடற்கரையிலிருந்து

சித்திரை வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறிவிடும். ஆகவே நேரத்தோடு புறப்பட வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள்தான் முதல் தரிப்பு. பெயர் பெற்ற மைதானம் எதுவும் அங்கே இல்லை. ஒருபுறம் மாடிக் குடியிருப்புகளின் மதில், மறுபுறம் நிறுத்தி வைத்த கார்கள், முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் அலை. மதிலுக்கு மேலே போனால் அவுட் என்ற சட்டத்தை அந்த ஒழுங்கைகளில் வளரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தூக்கி அடிக்காமல் நிலத்தோடு உருட்டி அடிக்கிற கையை இடமே பழக்கிவிடுகிறது.

ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற அதே காலி வீதியில் நாம் எதிர்த்திசையில் போகிறோம். பம்பலப்பிட்டியில் புனித பேதுரு கல்லூரி. ரோய் டயஸும் ரசல் ஆனல்டும் இங்கே படித்தவர்கள். அவர்களுக்கு முன்னே கிளைவ் இன்மன். 1965இல் லெஸ்டர்ஷயருக்காக ஆடியபோது எட்டே நிமிடங்களில் அரைச்சதம் அடித்தவர் அவர். எதிரணி ஆட்டத்தை விரைவுபடுத்த வேண்டும் என்று எளிதான பந்துகளைப் போட்டுக் கொடுத்தது உண்மைதான். ஆனாலும் எட்டு நிமிடத்தில் ஐம்பது ஓட்டம் அடிக்க ஒரு கை வேண்டும்.

காலி முகத்திடலில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம். இப்போது தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்கிற இடத்தில்தான் றோயல் - தோமியன் ஆட்டம் தொடங்கியது. 1879இல் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். 1880 முதல் மாணவர்கள் மட்டும். இன்றுவரை ஆண்டுதோறும் விடாமல் நடக்கிறது. உலகில் இதைவிடப் பழைய, இடைவிடாத பாடசாலைத் தொடர் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒன்றுதான் உண்டு. அந்த நாளில் இரண்டு பாடசாலைகளும் வட கொழும்பில் இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். புனித தோமஸ் கல்லூரி கல்கிசைக்குப் போனது 1918இல். அதற்கு முன் அது கொட்டாஞ்சேனைக்கு அடுத்துள்ள முகத்துவாரத்தில் இருந்தது. பின்னாளில் றோயல் கல்லூரி ஆன கொழும்பு அக்கடமி, புதுக்கடைப் பக்கம் இருந்தது. பையன்கள் பேரை வாவியில் படகு வலித்து மைதானத்துக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள்.

திடலில் நின்று வடக்கே பார்த்தால் துறைமுகம். இந்த நாட்டுக் கிரிக்கெட்டை வளர்த்ததில் பாதிப் பங்கு அந்தத் துறைமுகத்துக்கு உண்டு. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே தரித்தன. கப்பல் நிற்கும் அந்த ஒரு நாளில் அணியினர் கரைக்கு வந்து உள்ளூர் அணியோடு ஆடிவிட்டுப் போவார்கள். 1882இல் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி வந்தது முதல் ஏழு தசாப்தங்களுக்கு மேலாக இது வழக்கம். டெஸ்ட் அந்தஸ்து என்பது கனவிலும் இல்லாத காலத்தில், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொழும்பு மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

கழகங்களும் சமூகங்களும்

கறுவாத்தோட்டத்துக்குத் திரும்பினால் ஒரே வட்டாரத்துக்குள் மூன்று மைதானங்கள். கொழும்பு கிரிக்கெட் கழகம் வெள்ளைக்காரர்களுக்காக 1863இல் தோன்றியது. எஸ்.எஸ்.சி. என்று நாம் சொல்லும் சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் 1899இல் வந்தது. பிறகு நாம் போகப்போகும் தமிழ் யூனியன் கழகமும் அதே 1899இல்தான். சோனகருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று, மலாயருக்கு ஒன்று. எந்தச் சமூகத்தின் பெயரையும் தாங்காமல் நின்றது என்.சி.சி. காலனி ஆட்சியில் கழகங்கள் இப்படித்தான் பிறந்தன. பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அணிகள் எப்போதோ கலந்துவிட்டன.

எஸ்.எஸ்.சி.யின் பழைய மரநிழலில் நின்று 2006 ஜூலையை நினைக்காமல் இருக்க முடியாது. தென்னாபிரிக்காவுக்கு எதிராக மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து 624 ஓட்டங்கள் எடுத்தார்கள். முதல்தரக் கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய இணைப்பாட்டம் கிடையாது. மஹேலவுக்கு 374, சங்கக்காரவுக்கு 287. ஆனால் பிள்ளைகளுக்கு இங்கே முதலில் சொல்ல வேண்டிய எண் வேறு. ஒரே மைதானத்தில் அதிக டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தவர் முத்தையா முரளிதரன். அந்த மைதானம் எஸ்.எஸ்.சி.; எண்ணிக்கை 166. கண்டித் தமிழ்ப் பிள்ளை ஒருவர், சிங்களவர் பெயரைத் தாங்கிய கழகத்தின் மண்ணில் நின்று, முழு நாட்டுக்காகவும் அந்த விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

ஓவல்

மதியச் சாப்பாட்டைப் பொரளையில் முடித்துக்கொள்ளலாம். அதன் பிறகு போகும் இடத்தில் அவசரப்படக் கூடாது. வனாத்தமுல்லையில் பி. சரவணமுத்து மைதானம். பழையவர்கள் வாயில் இன்றும் 'ஓவல்'. தமிழ் யூனியன் கழகத்தின் வீடு.

பாக்கியசோதி சரவணமுத்து சிவில் சேவை அதிகாரி. இந்த மைதானம் உருவாகப் பெரிதும் உழைத்தவர். இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபைக்கு அதன் தொடக்க காலத்தில் தலைவராக இருந்தவர். அவருடைய குடும்பம் கொழும்புத் தமிழர் வரலாற்றில் ஓர் அத்தியாயம். சகோதரர் இரத்தினசோதி, தேர்தலில் தெரிவான முதல் கொழும்பு மேயர். இரத்தினசோதியின் மனைவி நேசம் சரவணமுத்து, 1932இல் கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அந்தச் சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண். இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி, பினாங்கில் பத்திரிகை ஆசிரியர். ஒரே வீட்டிலிருந்து நகரசபைக்கும் சட்டசபைக்கும் பத்திரிகைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஆள் போனது.

1948 மார்ச்சில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் இந்த ஓவலில் ஆடியது. அந்தப் பயணத்தில் இங்கிலாந்து மண்ணில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அணி அது. பிரட்மன் எடுத்தது 20 ஓட்டம். ஆட்ட நடுவில் அளந்து பார்த்தால் ஆடுதளத்தின் நீளம் 22 யார் இருக்கவில்லை, 20 யார்தான் இருந்தது! இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவா சதாசிவம்.

சதாசிவத்தைப் பற்றி ஒரு பந்தியில் எழுதிவிட முடியாது. ஆனாலும் எழுதாமல் இந்த மைதானத்தைக் கடக்க முடியாது. 1915இல் பிறந்தவர், வெஸ்லி கல்லூரிப் பிள்ளை, தமிழ் யூனியனின் செல்வம். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். அந்த இன்னிங்ஸைப் பார்த்தவர்கள் சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரல், தாம் கண்ட துடுப்பாட்ட வீரர்களில் இவரை மிக உயர்ந்த இடத்தில் வைத்தார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராக இருந்தார். இடையில் 1951இல் அவர் மனைவி கொலையுண்டார். குற்றஞ்சாட்டப்பட்டு ஏறத்தாழ இருபது மாதங்கள் மறியலில் இருந்த சதாசிவம், 1953இல் ஜூரிமாரால் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்த வழக்கைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட அவருடைய துடுப்பாட்டம் பற்றித் தெரியாது. அவர் டெஸ்ட் ஆடவில்லை. இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடுவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டு முன், 1977இல் காலமானார்.

அந்த டெஸ்டும் இங்கேதான் வந்தது. 1982 பெப்ரவரி 17, எதிரணி இங்கிலாந்து. பந்துல வர்ணபுர முதல் பந்தை எதிர்கொண்டார். ஆனந்தாக் கல்லூரி மாணவர் அர்ஜுன ரணதுங்க, பதினெட்டு வயதில் 54 ஓட்டங்கள் எடுத்து இலங்கையின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்ற அணி, 175க்குள் சரிந்தது. ஜோன் எம்புரி 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து ஏழு விக்கெட்டால் வென்றது. தோற்றாலும் நாடு தலை நிமிர்ந்த நாள் அது.

அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்குகிற பெற்றோர் உண்டு. தயங்க வேண்டாம் என்பேன். 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு, இங்கிருந்து நடக்கும் தூரத்திலுள்ள பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து தமிழர்களுக்கு எதிரான வன்முறை கிளம்பியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ் யூனியனின் கழகக் கட்டடமும் தீக்கு இரையானது. நாட்டின் முதல் டெஸ்ட் நடந்த இடம் என்பது அதைக் காக்கவில்லை. பெயரில் 'தமிழ்' இருந்ததே போதுமான காரணமாயிற்று.

ஆனால் கழகம் எழுந்தது. 1985 செப்டெம்பரில், எரிந்த இரண்டே ஆண்டுகளில், அதே மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. எதிரணி கபில் தேவின் இந்தியா. அமல் சில்வா சதம் அடித்ததோடு விக்கெட்டுக்குப் பின்னால் ஒன்பது பேரை ஆட்டமிழக்கச் செய்தார். ருமேஷ் ரட்நாயக்க தன் பந்திலேயே கபில் தேவைப் பிடியெடுத்தார். வெற்றி 149 ஓட்டங்களால். மறுநாள் நாட்டுக்கே விடுமுறை. தெருவில் இறங்கிக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அந்தப் புல்லைச் சுற்றி எரிந்த கட்டடத்தை நினைத்தார்களோ! நாம் நினைக்க வேண்டும். இரண்டும் ஒரே மண்ணில் நடந்தவை. ஒன்றை மறைத்து மற்றதைச் சொன்னால் அது வரலாறாகாது.

பிறகும் இந்த மைதானம் பெரிய ஆட்டங்களைக் கண்டது. 2010இல் முதுகு வலியோடு நின்று லக்ஷ்மன் சதம் அடித்து இந்தியாவைக் கரைசேர்த்தார். 2017இல் பங்களாதேஷ் தன் நூறாவது டெஸ்டை இங்கே ஆடி வென்றது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இது: டெஸ்ட் கிரிக்கெட்டில் அதிக விக்கெட்டுகள் எடுத்த இலங்கையர் இருவர் முரளிதரனும் (800) ரங்கன ஹேரத்தும் (433). இருவருமே தமிழ் யூனியனுக்கு ஆடியவர்கள். ஒருவர் கண்டித் தமிழர், மற்றவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். எரித்தவர்களுக்கு அந்தக் கழகம் கொடுத்த மறுமொழி அந்த 1233 விக்கெட்டுகள்தான்.

மாளிகாவத்தை வழியே

பேஸ்லைன் வீதியில் ஏறினால் தெமட்டகொடையில் வெஸ்லி கல்லூரி. சதாசிவம் படித்த பள்ளி என்று வண்டியிலிருந்தே காட்டிவிட்டுப் போகலாம். அடுத்த தரிப்பு மாளிகாவத்தை, கெத்தாராம.

சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில், அப்போதைய பிரதமர் ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியால் 1986 பெப்ரவரியில் திறந்த மைதானம் இது. மின்விளக்கும் முப்பத்தையாயிரம் பேருக்கு இடமும். எஸ்.எஸ்.சி.யும் ஓவலும் கழக மைதானங்கள். உறுப்பினர் அட்டை உள்ளவர்களின் உலகம். கெத்தாராம அப்படியல்ல. மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், வாழைத்தோட்டம், கொட்டாஞ்சேனை என்று உழைக்கும் சனங்களின் வீட்டு வாசலிலேயே கிரிக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தது இதுதான். ஒரு ஓவர் முடிந்து மறு ஓவர் தொடங்குவதற்குள் பைலா இசைக்கும் பப்பரே வாத்தியத்தை, தமிழும் சிங்களமும் கலந்து எழும் கூச்சலை, இங்கே கேட்பதுபோல் வேறெங்கும் கேட்க முடியாது.

1997 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தது இங்கேதான். டெஸ்ட் வரலாற்றில் ஓர் அணி எடுத்த மிகப் பெரிய எண்ணிக்கை. அந்த டெஸ்டில் அறிமுகமான நிலேஷ் குல்கர்ணி, தன் முதல் பந்திலேயே மார்வன் அத்தபத்துவை வீழ்த்தினார். அதன் பிறகு ஜயசூரியவும் மஹாநாமவும் சேர்ந்து 576 ஓட்டங்கள் எடுத்து முடியும்வரை வேறு விக்கெட் விழவில்லை.

முரளிதரனின் டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியதும் இங்கே. 1992 ஓகஸ்ட் 28, எதிரணி அவுஸ்திரேலியா. கெத்தாராமவுக்கும் அது முதல் டெஸ்ட். இருபது வயதுப் பையனின் முதல் விக்கெட் கிரேக் மக்டெர்மட். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2011 மார்ச் 29இல், உலகக் கிண்ண அரையிறுதி. தாய்மண்ணில் அவர் வீசிய கடைசிப் பந்தில் நியூசிலாந்தின் ஸ்கொட் ஸ்டைரிஸ் ஆட்டமிழந்தார். இந்தப் பந்தைச் சொல்லாமல் மைதானத்தின் வாசலை விட்டு அகலாதீர்கள். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் காணொளியைத் தேடிக் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையில் மாலை

கொட்டாஞ்சேனைக்குள் வண்டி நுழையும்போது வெயில் தணிந்திருக்கும். இங்கே உதைபந்துக்கும் ஓட்டத்துக்கும் சுகததாச விளையாட்டரங்கு. 1865இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியில், இந்த வட்டாரத்துத் தமிழ், சிங்களப் பிள்ளைகள் ஒரே அணிச் சட்டை போட்டு ஆடி வளர்கிறார்கள். புனித லூசியா பேராலயத்தின் கோபுரமும் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல் மண்டபமும் பார்க்கக் கிடைக்கும். பொன். இராமநாதன் கட்டுவித்த அந்தக் கல்வேலையைப் பார்க்காமல் போவது பெரும் இழப்பு. ஜம்பட்டா வீதியில் ஏதேனும் ஒரு கடையில் கொத்துத் தட்டும் சத்தம் கேட்டால் அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தமிழ் யூனியன் கழகத்துக்கும் கிரிக்கெட் சபைக்கும். ஓவலின் வாசலில், வீதியில் போகிறவர் நின்று வாசிக்கும் உயரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வையுங்கள். அதில் 1948, 1982, 1985 இருக்கட்டும், 1983உம் இருக்கட்டும். சதாசிவத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற பெற்றோருக்கு. எரிந்ததை நேரில் கண்டவர்கள் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அந்த வெற்றியைக் கண்டவர்களும் அவர்கள்தான். வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், வண்டியில் முன் ஆசனத்தை அவருக்குக் கொடுங்கள். வழியெல்லாம் அவர் பேசட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். மைதானங்களில் பூட்டிய கதவு இருந்தால் காவலாளியிடம் நல்ல வார்த்தை சொல்லிக் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். இந்தச் சித்திரையிலேயே போய்வாருங்கள்.